துடைப்பக்கட்டையும் சிவப்பு வாளியும்

பி.காம். முடித்த கையோடு ஓர் ஆடிட்டர் ஆபீஸில் எடுபிடியாகச் சேர்ந்தேன். வருஷம் 2014. முதல் வேலை, ஸ்டாக் வெரிஃபிகேஷன். புத்தகத்தில் எழுதியிருப்பது குடோனில் இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும். இருந்தால் பச்சை மையில் ஒரு டிக். இல்லாவிட்டால் முதலாளியின் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, அப்புறம் ஒரு டிக்.

லிஸ்ட்டில் கடைசி வரி, 'தீயணைப்பு வாளி - 12'. சுவரில் பன்னிரண்டும் வரிசையாகத் தொங்கின. பளபளவென்று சிவப்பு. சும்மா இருக்கக் கூடாதா, எட்டிப் பார்த்தேன். ஒன்றில் வெற்றிலை எச்சில். இரண்டில் பீடித் துண்டு. இன்னொன்றில் யாரோ டிபன் பாக்ஸைப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். மணல் மட்டும் எதிலும் இல்லை.

"சார், வாளியில மண்ணே இல்லையே?"

சீனியர் நிமிரவே இல்லை. "தம்பி, லிஸ்ட்ல என்ன போட்டிருக்கு?"

"வாளி பன்னிரண்டு சார்."

"வாளி பன்னிரண்டு இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்ப டிக் போடு. மண்ணை எண்ணச் சொல்லி யாரும் ஃபீஸ் கொடுக்கலை."

போட்டேன். அந்த டிக் என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் உங்களை நார்வே வரை அழைத்துப் போக வேண்டும். பல வருஷம் கழித்து ஐரோப்பிய ராணுவங்களைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தபோது, அதே 2014-ல் அங்கேயும் ஒரு காலி வாளி தொங்கியிருக்கிறது என்று தெரிந்தது.

அந்த வருஷம் செப்டம்பரில் நார்வேயில் நேட்டோ நாடுகளின் ராணுவப் பயிற்சி. உக்ரைனிடமிருந்து கிரிமியாவை ரஷ்யா பிடுங்கிக்கொண்டு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஐரோப்பாவின் வயிற்றில் புளி கரைந்துகொண்டிருந்த நேரம். ஜெர்மனியிலிருந்து ஒரு பட்டாலியன் வந்து இறங்கியது. ஆபத்து என்றால் முதல் ஆளாக ஓடிவர வேண்டிய அதிரடிப் படைக்கென்று ஒதுக்கப்பட்ட பட்டாலியன். கவச வண்டிகள் கம்பீரமாக நின்றன. மேலே கன்னங்கரேலென்று துப்பாக்கிக் குழல்.

கிட்டே போய்ப் பார்த்தால்... துடைப்பக்கட்டை! கறுப்புப் பெயின்ட் அடித்த துடைப்பக்கட்டை!

ஜோக் இல்லை சார். 2015 பிப்ரவரியில் ஜெர்மன் டெலிவிஷனே இதை அம்பலப்படுத்தியது. ராணுவ அமைச்சகம் பதில் சொன்னது. அவை கமாண்ட் வண்டிகளாம், அவற்றுக்குத் துப்பாக்கியே தேவையில்லையாம். சரி, தேவையில்லை. அப்புறம் துடைப்பக்கட்டை மட்டும் எதற்கு? என் சீனியர் அங்கே இருந்திருந்தால், 'வண்டி இருக்கா? குழல் தெரியுதா? டிக் போடு' என்றிருப்பார்.

ஜெர்மனி என்ன பஞ்சப் பரதேசியா? பென்ஸ் கார் செய்கிற தேசம். பனிப்போர்க் காலத்தில் மேற்கு ஜெர்மனியிடம் மட்டும் ஏறக்குறைய ஐந்து லட்சம் சிப்பாய்கள் இருந்தார்கள். லியோபர்ட்-2 டாங்கிகள் இரண்டாயிரத்துக்கு மேல் வாங்கி வைத்திருந்தார்கள். 2022-ல் மிஞ்சியது முந்நூறு சொச்சம் டாங்கி, ஒரு லட்சத்து எண்பதாயிரம் சொச்சம் ஆள்.

என்ன ஆச்சு? 1989-ல் பெர்லின் சுவர் விழுந்தது. 1990-ல் இரண்டு ஜெர்மனியும் ஒன்றாயின. 1991-ல் சோவியத் யூனியனே கடையைக் கட்டியது. திருடனே ஊரைவிட்டுப் போய்விட்டான், இனி கூர்க்காவுக்கு எதற்குச் சம்பளம்? தவிர, ஜெர்மனி ஒன்றாகச் சேர்வதற்குப் போட்ட ஒப்பந்தத்திலேயே படை 3,70,000 பேரைத் தாண்டக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஜெர்மன் ராணுவத்திடம் இரண்டு உலகப் போரில் அடி வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர்கள், அது இளைப்பதைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கினார்கள். ஆகவே, 'முட்டாள்தனமாகக் குறைத்துவிட்டார்கள்' என்று இன்றைக்கு ஃபேனுக்கடியில் உட்கார்ந்து நான் தீர்ப்புச் சொன்னால் அது நியாயமில்லை. அது நல்ல சேமிப்பாகத்தான் ஆரம்பித்தது.

ஆனால் சேமிப்புக்கு ஒரு குணம் உண்டு. முதல் வருஷம் தண்டச் செலவை வெட்டும். பத்தாவது வருஷம் உதிரி பாகத்தை வெட்டும். இருபதாவது வருஷம் மண்ணையும் மிச்சம் பிடித்துக்கொண்டு வாளியை மட்டும் மாட்டி வைக்கும். கட்டாய ராணுவ சேவையை 2011-ல் நிறுத்தி வைத்தார்கள். நார்வேயில் துடைப்பக்கட்டை நின்ற அதே செப்டம்பரில், வேல்ஸில் நேட்டோ தலைவர்கள் கூடி, பத்து வருஷத்துக்குள் நாட்டு வருமானத்தில் 2 சதவீதத்தைப் பாதுகாப்புக்குச் செலவிடும் நிலையை நோக்கி நகர்வோம் என்று உறுதி எடுத்தார்கள். நாமும்தான் ஜனவரி ஒண்ணாம் தேதி வாக்கிங் போவதாக உறுதி எடுக்கிறோம்.

2022 ஜனவரி. உக்ரைன் எல்லையைச் சுற்றி ரஷ்யப் படை குவிந்து நிற்கிறது. உக்ரைன் ஆயுதம் கேட்கிறது. ஜெர்மனி என்ன கொடுத்தது? ஐயாயிரம் ஹெல்மெட். கீவ் நகர மேயர், பழைய குத்துச்சண்டை சாம்பியன் கிளிட்ச்கோ, அடுத்தபடியாகத் தலையணை அனுப்புவீர்களா என்று கேட்டுவிட்டார்.

பிப்ரவரி 24. ரஷ்யப் படை உள்ளே நுழைந்த அன்றே ஜெர்மன் தரைப்படைத் தளபதி அல்ஃபோன்ஸ் மைஸ் லிங்க்ட்இனில் மனசைக் கொட்டினார். நாமெல்லாம் வேலை தேடுவதற்கும், பிரமோஷன் கிடைத்ததைப் பீற்றிக்கொள்வதற்கும் வைத்திருக்கிறோமே, அதே லிங்க்ட்இன்தான். தம் படை ஏறக்குறைய வெறுங்கையோடு நிற்கிறது என்பது அவர் எழுதியதன் சாரம். தளபதியே, 'வாளியில மண்ணு இல்லையே' என்கிறார்!

மூன்றே நாள். பிப்ரவரி 27-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் பார்லிமென்ட்டைக் கூட்டி, பிரதமர் ஓலாஃப் ஷோல்ஸ் ராணுவத்துக்கு என்று தனியாகப் பத்தாயிரம் கோடி யூரோ அறிவித்தார். அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். கடன் வாங்கவே அஞ்சுகிற ஜெர்மனி, 2025 மார்ச்சில் அரசியல் சட்டத்தைத் திருத்தி, ராணுவச் செலவின் பெரும்பகுதியைக் கடன் வரம்பிலிருந்தே விடுவித்துவிட்டது. அதே வருஷம் ஜூனில் ஹேக் நகரில் கூடிய நேட்டோ நாடுகள், 2 சதவீதம் போதாது, 2035-க்குள் 5 சதவீதம் என்று புது உறுதி எடுத்தன. அதில் மூன்றரை நேரடியாக ராணுவத்துக்கு, ஒன்றரை சாலை, பாலம், கம்ப்யூட்டர் பாதுகாப்பு போன்றவற்றுக்கு.

பணம் வந்தாச்சு. பிரச்னை தீர்ந்ததா?

இங்கேதான் நான் படித்த பி.காம். கைவிடுகிறது. லெட்ஜரில் கேஷைக் கிரெடிட் செய்கிற அதே நொடியில் பொருள் டெபிட் ஆகிவிடும். நிஜத்தில் ஆகாது. 2023 மார்ச்சில் ஐரோப்பிய யூனியன், ஒரே வருஷத்தில் உக்ரைனுக்குப் பத்து லட்சம் பீரங்கிக் குண்டு தருவதாக வாக்குக் கொடுத்தது. வருஷம் முடிந்தபோது போய்ச் சேர்ந்தது ஏறக்குறைய பாதி. யாரும் ஏமாற்றவில்லை. செய்கிற மிஷின் இல்லை, மிஷினை ஓட்டுகிற ஆள் இல்லை. குண்டை உந்தித் தள்ளுகிற வெடிமருந்துக்கு நைட்ரோசெல்லுலோஸ் வேண்டும். அதற்குப் பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டைப் பஞ்சு வேண்டும். அந்தப் பஞ்சுக்கு ஐரோப்பா பெரும்பாலும் நம்பியிருந்தது, ரஷ்யாவின் தோழனான சீனாவை! கல்யாணத்தைப் பெண் வீட்டுக்காரரின் எதிரி மண்டபத்தில் வைத்த கதை.

ஜெர்மனியில் உன்டர்லூஸ் என்ற சின்ன ஊரில் ரைன்மெட்டால் கம்பெனி புதுக் குண்டுத் தொழிற்சாலைக்கு 2024 பிப்ரவரியில் பூமி பூஜை போட்டது. 2025 ஆகஸ்டில் திறந்தார்கள். படுவேகம்தான். ஆனாலும் வருஷத்துக்கு மூன்றரை லட்சம் குண்டு என்ற இலக்குக்கு அவர்கள் வைத்துக்கொண்ட கெடு 2027.

இந்தத் தாமதத்துக்கு யார் வட்டி கட்டுவது? 2024 பிப்ரவரியில் உக்ரைனின் அவ்தீவ்கா நகரம் ரஷ்யாவிடம் விழுந்தது. குண்டுத் தட்டுப்பாட்டில், ரேஷன் கடையில் அளந்து போடுகிற மாதிரி எண்ணி எண்ணிச் சுட வேண்டிய நிலையில் பீரங்கிப் படையினர் இருந்தார்கள். அங்கே நின்றவர்களுக்கு அந்தப் 'பாதி' வெறும் புள்ளிவிவரம் இல்லை.

எல்லாரும் இப்படித்தானா என்றால், இல்லை. ஃபின்லாந்து என்று ஒரு நாடு. ஜனத்தொகை 56 லட்சம். ரஷ்யாவோடு சுமார் 1,340 கிலோமீட்டர் எல்லை. 1939 நவம்பர் 30 அன்று சோவியத் படை உள்ளே புகுந்தது. 105 நாள் சண்டை. 25,000 பேருக்கு மேல் பலி. நாட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நிலம் போயிற்று. சூடு கண்ட பூனை. பெர்லின் சுவர் விழுந்து ஐரோப்பாவே பாட்டுப் பாடியபோதும் அவர்கள் பிரீமியம் கட்டுவதை நிறுத்தவில்லை.

பெரிய கட்டடம் கட்டினால் கீழே பதுங்கிடம் கட்டியே ஆக வேண்டும் என்பது அங்கே சட்டம். இப்படி 50,500 பதுங்கிடங்கள், 48 லட்சம் பேருக்கு இடம். சும்மா பூட்டியும் வைக்கவில்லை. ஹெல்சிங்கியில் பாறையைக் குடைந்து இதாகெஸ்குஸ் நீச்சல்குளம் கட்டியிருக்கிறார்கள். இன்றைக்குப் பிள்ளைகள் குதித்துக் கும்மாளம் போடுகிற குளம். ஆபத்து வந்தால் தண்ணீரை வடித்துவிட்டு 3,800 பேர் தங்கலாம். பதுங்கிடங்களை 72 மணி நேரத்துக்குள் தயார் செய்ய வேண்டும் என்பது விதி. டிபன் பாக்ஸும் வைத்துக்கொள்ளலாம், மண்ணும் ரெடி. 64 எஃப்-35 விமானங்களை வாங்குவது என்று அவர்கள் முடிவு செய்தது 2021 டிசம்பரில், அதாவது போருக்கு முன்னால். நேட்டோவில் சேர்ந்தது 2023 ஏப்ரல் 4.

ஆனால் இதுவும் இலவசம் இல்லை. அங்கே பதினெட்டு வயது ஆண்பிள்ளை ஒவ்வொருவனுக்கும் அழைப்பு வரும். குறைந்தது 165 நாள், அதிகபட்சம் 347 நாள் பட்டாளம். ஆயுதம் தொடமாட்டேன் என்றால் 347 நாள் சிவில் சேவை. அப்பாவும் போனார், தாத்தாவும் போனார். பிரீமியம் தவணை தவணையாக, தலைமுறை தலைமுறையாக, எல்லார் தலையிலும் விழுகிறது. போர் வந்தால் 2,80,000 பேரை நிறுத்த முடியும் என்கிறார்கள். ஒரே நாளில் அறிவித்து வாங்கிய பலம் இல்லை இது.

ஜெர்மனியிலோ மொத்தப் பாக்கியும் ஒரே பேரேட்டில் வந்து நிற்கிறது. 2025 டிசம்பர் 5-ம் தேதி பார்லிமென்ட்டில் புதுச் சட்டம் நிறைவேறியது. 2008-ம் வருஷமும் அதற்குப் பிறகும் பிறந்த பையன்களுக்குப் பதினெட்டு வயதானதும் ஒரு கேள்வித்தாள். ராணுவத்தில் சேர விருப்பமா, உடல்நிலை எப்படி? பையன்கள் கட்டாயம் பதில் எழுத வேண்டும். பெண்கள் விரும்பினால் எழுதலாம். சேருவது இப்போதைக்கு அவரவர் இஷ்டம். மாதம் சுமார் 2,600 யூரோ சம்பளம். ஒரு வருஷமாவது இருந்தால் டிரைவிங் லைசென்ஸ் எடுக்க மானியம் வேறு. ஆள் சேராவிட்டால், கட்டாயமாகக் கூப்பிடுவது பற்றிப் பார்லிமென்ட் தனியாக ஓட்டுப் போட்டு முடிவெடுக்கலாம். இலக்கு, 2035-க்குள் 2,60,000 வீரர்கள்.

சட்டம் நிறைவேறிய அன்றே பல ஊர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வகுப்பைப் புறக்கணித்துத் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் பக்கத்து நியாயத்தைத் தள்ளிவிட முடியவில்லை. முப்பது வருஷம் மண்ணை மிச்சம் பிடித்தவர்கள் அப்பாக்கள். கடிதம் வருவது மகனுக்கு. அந்தச் சேமிப்பைச் செலவழித்தபோது அவன் பிறக்கவே இல்லை. அதற்காக, ரஷ்யா பக்கத்தில் இல்லை என்றும் நடிக்க முடியாது. வாளியை யாராவது நிரப்பித்தான் ஆக வேண்டும். ஒரு ராத்திரியில் பத்தாயிரம் கோடி யூரோவுக்கு ஓட்டு வாங்கிவிடலாம். பயிற்சி பெற்ற ஓர் ஆளை ஒரு ராத்திரியில் செய்ய முடியாது.

நான் போட்ட டிக்குக்கு வருகிறேன்.

மூன்று மாதம் கழித்து அந்தக் குடோனில் ராத்திரி ஷார்ட் சர்க்யூட். வாட்ச்மேனுக்கு என் வயசுதான் இருக்கும், இருபத்திரண்டு. ஓடிப்போய் முதல் வாளியை எடுத்திருக்கிறான். அப்புறம் இரண்டாவது. மூன்றாவது. பிறகு வாளியைப் போட்டுவிட்டுச் சாக்கால் அடித்தே அணைத்தான். சரக்கு நஷ்டம் கொஞ்சம்தான். அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எங்கள் ஆபீஸில் அரை நாள் பேசினோம். வெந்துபோன அவனுடைய இரண்டு உள்ளங்கைக்கும் எந்தத் தலைப்பும் இல்லை.

அடுத்த வருஷம் போனபோது பன்னிரண்டு வாளியிலும் மணல் இருந்தது. ஒவ்வொன்றிலும் கையை விட்டுப் பார்த்துத்தான் டிக் போட்டேன். வாசலில் வாட்ச்மேன் புதுசு. பழையவன் ஊருக்குப் போய்விட்டானாம்.