பம்பின் மேல் விழுந்த பழி

பாகான் டத்தோவிலிருந்து தெலுக் இந்தானுக்குச் செல்லும் சாலையில் ஏற்ற இறக்கம் அதிகமில்லை. தென்னையும் செம்பனையும் சூழ்ந்த சமவெளிச் சாலை அது. அந்தச் சாலையில்தான் ஒரு தேங்காய் வியாபாரியின் பழைய பிக்கப் வண்டி ஒரே மாதத்தில் நான்கு முறை நின்றுபோனது. வண்டியில் பெட்ரோல் இல்லாமல் இல்லை. இயந்திரம் திணறும், இரண்டு முறை குலுங்கும், அடங்கிவிடும். கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் கிளம்பும்.

காலை வேளையில் அந்தக் கால் மணி நேரம் பெரிது. தெலுக் இந்தானில் சரக்கு வாங்கும் மொத்த வியாபாரி ஏழு மணிக்கு மேல் காத்திருக்கமாட்டார். இரண்டு முறை பொறுத்துக்கொண்டவர், மூன்றாம் முறை வேறொருவரிடம் வாங்கிக்கொண்டார். “பேசாமல் வண்டியை விற்றுவிடுங்கள்,” என்றார் மனைவி. தேங்காய் வியாபாரி பதில் சொல்லவில்லை. அவருடைய தந்தை தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமநிதிப் பணத்தில் வாங்கிய வண்டி அது.

காப்பிக் கடையில் எல்லாரும் ஒரே தீர்ப்பைத்தான் சொன்னார்கள்: “பம்பு போயிருக்கும். மாற்றிவிடு.”

இக்காலத்து வாகனங்களில் எரிபொருள் பம்பு மின்சாரத்தால் இயங்கும். பெரும்பாலும் பெட்ரோல் தொட்டிக்குள்ளேயே மூழ்கியிருக்கும். கார்புரேட்டர் பொருத்திய பழைய வண்டிகள் பலவற்றில் அது இயந்திரத்தின் பக்கவாட்டில், உள்ளங்கை அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும். இயந்திரம் ஓடும்போது உள்ளே சுழலும் தண்டு, பம்பின் நெம்புகோலைத் தள்ளும். நெம்புகோல் ஒரு ரப்பர் சவ்வை இழுக்கும். அந்த இழுப்பில் தொட்டியிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படும். பிறகு ஒரு சுருள்வில் சவ்வைத் திரும்பத் தள்ள, பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும். வந்த வழியே திரும்பிவிடாமல் தடுக்க இரண்டு சிறிய வால்வுகள் உண்டு. அவ்வளவுதான். இதயம் இயங்கும் விதத்தை அறிவியல் பாடத்தில் படித்தவர்களுக்கு இது புதிதாக இராது.

சவ்வு கிழிந்தால் வண்டி திணறும் என்பது உண்மையே. ஆனால், அதற்கு வேறு அடையாளங்களும் இருக்கும். பம்பின் அடியில் பெட்ரோல் கசியலாம். அல்லது இயந்திர எண்ணெயோடு கலக்கலாம். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்தால் பெட்ரோல் வாடை வீசும். எல்லாவற்றுக்கும் மேலாக, கிழிந்த சவ்வு கால் மணி நேரத்தில் தானாக ஒட்டிக்கொள்ளாது. காப்பிக் கடையில் இதை எவரும் யோசிக்கவில்லை.

பட்டறைக்காரர் யோசித்தார். அவர் பெட்ரோல் போகும் வழியிலேயே தம் சோதனையையும் நடத்தினார். முதலில் தொட்டியின் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தார். வடிகட்டியைக் கழற்றி ஊதினார். ரப்பர் குழாய்களை மடித்து மடித்து வெடிப்புத் தேடினார். பெட்ரோலை உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் வெடிப்பு இருந்தால், இயந்திரம் ஓடும்போது பெட்ரோல் வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகும். ஆகவே, குழாய் காய்ந்திருப்பதை மட்டும் நம்பி அது நல்ல குழாய் என்று சொல்லிவிட முடியாது. கடைசியாக, தீப்பொறி எழாதபடி மின்சுருளின் கம்பியைக் கழற்றினார். கார்புரேட்டருக்குப் போகும் குழாயை ஒரு புட்டிக்குள் விட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். பெட்ரோல் விட்டு விட்டு, வேகமாகப் பாய்ந்தது.

“பம்பு நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு நாள் வண்டியை விட்டுப் போங்கள். ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.”

“இரண்டு நாளா? சரக்கை எதில் ஏற்றுவது? பம்பை மாற்றிவிடுங்கள் போதும்.”

பம்பு மாறியது. மூன்றே நாளில் வண்டி நான்காம் முறையாக நின்றது. அன்று மாலையே வியாபாரி பட்டறைக்குப் போனார். நான்கு பேர் முன்னிலையில், “போலிப் பம்பைப் போட்டு ஏமாற்றிவிட்டீர்கள்,” என்று சத்தமிட்டார். பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வியாபாரியின் மகன் நான்காம் படிவ மாணவன். பள்ளி விடுமுறையில் அப்பாவின் கணக்குப் புத்தகத்தை எழுதுவது அவன் வேலை. பெட்ரோல் செலவைக் கூட்டும்போது அவன் ஒன்றைக் கவனித்தான். வண்டி நின்ற நான்கு நாளும் பெட்ரோல் தொட்டியை முழுமையாக நிரப்பிய நாள்கள். பத்து வெள்ளிக்கும் இருபது வெள்ளிக்கும் ஊற்றிய நாள்களில் வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. நிறைந்த தொட்டியோடு நிற்கிறது; குறைந்த தொட்டியோடு ஓடுகிறது! தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

அப்போதுதான் அவனுக்கு மூடி நினைவுக்கு வந்தது. சில வாரங்களுக்குமுன் பெட்ரோல் நிலையத்தில் பழைய மூடியை வைத்துவிட்டு வந்தவன் அவன்தான். திரும்பிப் போய்த் தேடியும் கிடைக்கவில்லை. உதிரிப்பாகக் கடையில் அளவுக்குப் பொருந்திய வேறொரு மூடியை வாங்கி மாட்டிவிட்டான். அப்பாவிடம் சொல்லவில்லை.

தொட்டியிலிருந்து பெட்ரோல் வெளியேறினால், அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். அந்தப் பழைய வண்டியில் காற்று வர இருந்த ஒரே வழி, மூடியில் இருந்த சிறு துளைதான். புதிய மூடியோ வேறு வகை வாகனத்திற்கு உரியது. அதில் துளை இல்லை. நிறைந்த தொட்டியில் பெட்ரோலுக்கு மேலே இருப்பது கொஞ்சம் காற்றே. சில லிட்டர் பெட்ரோல் போனதும், அந்தக் கொஞ்சக் காற்று இரு மடங்கு இடத்தில் பரவ வேண்டியிருக்கும், அழுத்தம் குறையும். பம்பு எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. பாதித் தொட்டியில் காற்று ஏராளம். சில லிட்டர் குறைந்தாலும் அழுத்தம் அவ்வளவாகக் குறையாது. வாயு விதிகளை இயற்பியல் வகுப்பில் படித்தபோது, அவை தன்னையே காட்டிக்கொடுக்கும் என்று அவன் நினைத்திருக்கமாட்டான். நின்ற வண்டி மீண்டும் கிளம்பியதற்கும் காரணம் இருந்தது. மூடியின் ஓரத்தில் காற்று மெல்ல மெல்லக் கசிந்து உள்ளே போக, ஏறக்குறைய கால் மணி நேரம் பிடித்தது.

இரண்டு இரவுகள் அவன் வாய் திறக்கவில்லை. பம்பின் விலையும் பட்டறையில் அப்பா போட்ட சத்தமும் அவனுக்குத் தெரியும். மூன்றாம் நாள் விடியற்காலையில், “நானும் வருகிறேன் அப்பா,” என்று வண்டியில் ஏறினான். தொட்டி நிரப்பப்பட்டது. ஊத்தான் மெலிந்தாங்கைத் தாண்டியதும் வண்டி திணறி நின்றது.

“மூடியைத் திறந்து பாருங்கள் அப்பா.”

அப்பா மூடியைத் திருகினார். ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தது. சாவியைத் திருப்பியதும் இயந்திரம் உடனே கிளம்பியது. அவர் மூடியைக் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார்.

“இது நம்முடைய மூடி இல்லையே?”

அவன் எல்லாவற்றையும் சொன்னான். அப்பா திட்டவில்லை; தெலுக் இந்தான் வரும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. வழியில் இரண்டு முறை வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து மூடினார். சரக்கை இறக்கிய பின் அந்த வண்டிக்கு உரிய மூடியை வாங்கினார். வீட்டுக்குத் திரும்பும் வழியில், பட்டறையின் முன் வண்டி நின்றது. இம்முறை அவரே நிறுத்தினார்.

“தப்பு என்னுடையது. நான்கு பேர் முன்னால் பேசியிருக்கக் கூடாது,” என்றார். அன்றும் பட்டறையில் நாலைந்து பேர் இருந்தார்கள்.

பட்டறைக்காரர் பழைய மூடியை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். “என் மேலும் தப்பு உண்டு. அன்றைக்கு மூடியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சோதனையைத் தொடங்கினேன். பிறகு கோளாறு எப்படித் தெரியும்?” என்றவர், அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். கழற்றிய பழைய பம்பு. “நல்ல பம்பு. தூக்கிப் போட மனம் வரவில்லை.”

அந்தப் பம்பு இப்போதும் துணியில் சுற்றியபடி வண்டியின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது.