கணவாயில் காற்று, கரையில் மணல்

வைகாசி பிறந்தால் ஆரல்வாய்மொழியில் எல்லோருக்கும் குரல் உயர்ந்துவிடுகிறது. காற்றுக்கு மேலே பேசியாக வேண்டும்.

முப்பந்தல் இசக்கியம்மன் கோயில். லாரிகள் நின்று, கும்பிட்டு, போகின்றன. நாற்புறமும் காத்தாடிகள். எண்ண ஆரம்பித்தால் சுழலும் இறக்கைகள் கணக்கைக் குழப்பிவிடும்.

மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடம் இது. மகேந்திரகிரி 1,600 மீட்டருக்கு மேல். அதற்குத் தெற்கே ஒரு திறப்பு. தென்மேற்குக் காற்று அதில் நுழைந்து, நெருக்குண்டு, வேகம் பிடித்துக் கிழக்கே பாய்கிறது. மழையை நாஞ்சில் நாட்டுப் பக்கமே இறக்கிவிடுகிறது. கிழக்கே ராதாபுரத்துக்கு வருவது வெறுங்காற்று.

நிலத்தைக் காயவைத்த அதே காற்றுக்குத்தான் இன்று வாடகை.

1986ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் முதல் சோதனைக் காற்றாலைகள். இன்று தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல்.

இடையில் 1990கள். கோவை நூற்பாலைக்காரர்கள் இங்கே நிலம் தேடி வந்த காலம். இயந்திரத்தின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழிக்க வருமானவரியில் வழி இருந்தது. நிதியாண்டு முடிவதற்குள் கம்பம் நிற்க வேண்டும் என்ற அவசரம். காற்று சுமாரான இடங்களிலும் சில கம்பங்கள் நின்றன.

காற்றைச் சேமிக்க முடியாது. கணக்கில் சேமித்தார்கள். ‘பேங்கிங்’. ஆடியில் அடித்த காற்று ஏட்டில் ஏறி, மாசியில் கோவையில் நூலாக இறங்கும்.

தேநீர்க் கடைக்கார அம்மா: “காத்து இந்த அடி அடிக்கு, காத்தாடி நிக்கு பாருங்க அண்ணாச்சி. மேல இருந்து நிறுத்தச் சொல்லியிருப்பாவ.”

உண்மை. காற்று உச்சத்தில் இருக்கும்போதே சில நேரம் நிறுத்தச் சொல்வார்கள். அவ்வளவு மின்சாரத்தையும் கொண்டுபோகக் கம்பி போதாது, அல்லது அந்த நேரத்தில் அவ்வளவு தேவையில்லை. அனல் உலையைச் சட்டென்று குறைக்க முடியாது. இறக்கையை நிறுத்திவிடலாம்.

நெடுஞ்சாலையில் இறக்கை ஏற்றிய ட்ரெய்லர். ஒரே இறக்கை, 60 மீட்டருக்கு மேல் இருக்கலாம். முன்னால் ஒருவர் நீளமான கழியோடு நடக்கிறார். தெருவின் குறுக்கே தொங்கும் கம்பிகளைத் தூக்கிப் பிடிக்கிறார். கீழே இறக்கை நகர்கிறது. பிறகு ஓடிப்போய் அடுத்த கம்பி.

திருப்பத்தில் ஒரு வேப்பமரத்தின் பாதியைக் காணோம். வெட்டு இன்னும் ஈரமாக இருந்தது.

இறக்கைக்குள் என்ன இருக்கிறது? வெளியே கண்ணாடி இழையும் பிசினும். உள்ளே, பல இறக்கைகளில், மரம். பால்சா. ஏறக்குறைய எல்லாமே ஈக்வடாரிலிருந்து வருவது. நாலைந்து வருடத்தில் வெட்டுக்கு வரும் மரம். 1947ல் நார்வேக்காரர் ஹெயர்டால் பசிபிக்கில் செலுத்திய கான்-டிக்கி தெப்பமும் பால்சாதான்.

2020 வாக்கில் உலகம் முழுக்கக் காற்றாலை அவசரம். பால்சா விலை ஏறியது. அமேசான் பக்கம் பாஸ்தாசா ஆற்றின் தீவுத்திட்டுகளில் தானாக வளர்ந்திருந்த மரங்களும் விழுந்தன. அங்கே வாழும் அச்சுவார் மக்களில் ஒரு சமூகத்தார் வெளியாட்கள் இனி வரக்கூடாது என்று தடுத்தார்கள்.

பழைய இறக்கையை உருக்க முடியாது. அந்தப் பிசின் ஒருமுறை இறுகினால் இறுகியதுதான். அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தின் காஸ்பர் ஊரில் துண்டு துண்டாக அறுத்து, வரிசையாக அடுக்கி, மண்ணைப் போட்டு மூடினார்கள்.

முப்பந்தலின் பழைய இயந்திரங்கள் பல 250 கிலோவாட். புதிதாக வருவது 2, 3 மெகாவாட். பத்துப் பன்னிரண்டைக் கழற்றி ஒன்றை நடலாம். அதற்கென்று 2024ல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. இறக்கைகள் இறங்கப்போகின்றன, ஆயிரக்கணக்கில்.

காற்றாலையைச் சுற்றி வாழும் உயிர்களுக்கு என்ன ஆகிறது? சால்கேவாடி, சதாரா மாவட்டம், மகாராஷ்டிரம். பீடபூமியின் மேல் காற்றாலைகள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் மரியா தாக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2018ல் எழுதினார்கள்: காற்றாலை இல்லாத இடத்தோடு ஒப்பிட்டால், உள்ள இடத்தில் பருந்து வகைகள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். விசிறித்தொண்டை ஓணான்கள் அதிகம். அவற்றின் இரத்தத்தில் பதற்றச் சுரப்பு குறைவு. மனிதன் அருகே வந்தாலும் சட்டென்று ஓடுவதில்லை. ஆண்களின் தொண்டை நிறம் மங்கல்.

பயம் குறைந்த ஓணான். நிறம் குறைந்த ஓணான். ஆய்வுக்குப் போனவர்கள் அந்தத் தொண்டையின் நிறத்தையும் அளந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது.

ராஜஸ்தான். கானமயில். கண்கள் தலையின் பக்கவாட்டில். பறக்கும்போது முன்னால் வரும் மின்கம்பி தெரிவதில்லை, உடல் கனம் என்பதால் கடைசி நொடியில் திரும்பவும் முடிவதில்லை. 2021ல் உச்சநீதிமன்றம் கம்பிகளை மண்ணுக்குள் புதைக்கச் சொன்னது. 2024 மார்ச்சில் அந்த ஆணையைத் தளர்த்தியது. தளர்த்திய அதே தீர்ப்பில், பருவநிலை மாற்றத்தின் தீங்கிலிருந்து காக்கப்படுவது குடிமக்களின் உரிமை என்றும் சொன்னது.

இரண்டும் ஒரே தாளில். இரண்டு முறை படித்தேன்.

மறுபடி தமிழ்நாடு. கமுதி. 2016. 2,500 ஏக்கர், 25 லட்சம் சூரிய மின்பலகைகள், 648 மெகாவாட். தூசி படிந்தால் மின்சாரம் குறையும். துடைக்க ரோபோக்கள். அதே மாவட்டத்தில் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களின் முகத்திலும் கையிலும் புகை. அந்தக் கரியும் வெயில்தான், சில வருடம் பழைய வெயில்.

இனி காந்தம்.

காற்றாலையில் இரண்டு வகை. பல்சக்கரப் பெட்டி வைத்தது ஒன்று. பல்சக்கரமே இல்லாமல் நேரடியாகச் சுழல்வது இன்னொன்று. இரண்டாவதில் பெரும்பாலும் நிலைக்காந்தம். ஒரு மெகாவாட்டுக்கே சில நூறு கிலோ. நியோடிமியம், இரும்பு, போரான். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாதோ சகாவாவும், தனியே அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ்காரர்களும் கண்டது. மின்சார ஸ்கூட்டரின் மோட்டாரிலும் அதுதான். காதில் மாட்டும் ஹெட்போனிலும்.

நியோடிமியம் எதிலிருந்து? மோனசைட் என்ற தாதுவிலிருந்தும் எடுக்கலாம். மோனசைட் எங்கே? மணவாளக்குறிச்சியில். காலால் தள்ளினால் வரும்.

ஆரல்வாய்மொழியிலிருந்து மணவாளக்குறிச்சிக்கு மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் போய்விடலாம். ஒரே மாவட்டம்.

இந்த இடத்தில் ஒரு மனிதர். கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக், ஆஸ்திரியா. 1885ல், ஒரே தனிமம் என்று நம்பப்பட்ட ஒன்றை இரண்டாகப் பிரித்தார். ஒன்று நியோடிமியம், அரிய மண் தனிமம். அன்று அதைக் கேட்பார் இல்லை. அதே ஆண்டுகளில் அதே மனிதர் எரிவாயு விளக்குக்கு மேண்டில் செய்தார். பெட்ரோமாக்ஸில் கட்டுவோமே, அந்த வலைத்துணி. தோரியம் உப்பில் ஊறவைத்தது. துணி எரிந்துபோகும், சாம்பல் வலை நிற்கும். ஒளிர்வது அந்தச் சாம்பல்.

ஐரோப்பியத் தெருக்களுக்குத் தோரியம் வேண்டும். அதுவும் மோனசைட்டில் உண்டு. அந்த மணலுக்குப் பிரேசில் போனார்கள்.

1909. ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர். திருவிதாங்கூரிலிருந்து வந்த கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தார். மோனசைட். கயிற்றின் வழி பிடித்து மணவாளக்குறிச்சி வந்து சேர்ந்தார்.

கயிறு திரித்த கைகள் அந்த மணலைத் தட்டி உதறியிருக்கும். போகாமல் ஒட்டிக்கொண்டது கொஞ்சம்.

முதல் உலகப்போரோடு தொழில் ஜெர்மானியர் கையிலிருந்து பிரிட்டிஷார் கைக்கு. மின்விளக்கு வந்ததும் மேண்டிலுக்கு மவுசு போனது. பிறகு அணுகுண்டு. தோரியத்துக்குத் திரும்பவும் கிராக்கி. 1947ல் திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. தனி நாடு கேட்டபோது பேச்சுவார்த்தையில் இந்த மணலும் இருந்தது. 1950ல் இந்திய அரிய மண் நிறுவனம்.

அன்று தோரியம் வேண்டும், நியோடிமியம் மிச்சம். இன்று நியோடிமியம் வேண்டும், தோரியம் மிச்சம். மணல் அதே மணல்.

கோயில் திருவிழாவில் பெட்ரோமாக்ஸைத் தலையில் தூக்கி நடந்த பெண்கள். அவர்களுடைய கூலி எவ்வளவு என்று எந்த வேதியியல் நூலிலும் இருக்காது.

2025 ஏப்ரலில் சீனா சில அரிய மண் தனிமங்களுக்கும் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. இந்தியாவில் வண்டி செய்கிறவர்கள் கலங்கினார்கள். ஒரு மோட்டாருக்குள் உள்ளங்கையளவு காந்தம். அது வராவிட்டால் வண்டி வெளியே வராது.

சீனத்துக்கும் அரிய மண்ணில் ஒரு பங்கு பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது. மியான்மரின் கச்சின் மலைகள். மலையில் துளையிட்டு அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றுகிறார்கள். கீழே வடிவதைக் குட்டைகளில் பிடிக்கிறார்கள். செயற்கைக்கோள் படத்தில் மலைச்சரிவெல்லாம் வட்ட வட்டமாக நீலக் குட்டைகள். பார்க்க அழகாக இருப்பதுதான் தாங்கவில்லை.

மணவாளக்குறிச்சிப் பக்கம் திரும்பினால், குளச்சலுக்கு மேற்கே. 2024ல் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கத் திட்டம். மிடாலம், இனயம் புத்தன்துறை, கொல்லங்கோடு என்று ஊர்ப்பெயர்கள். ஊர்கள் எதிர்த்தன. கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது.

கதிர்வீச்சு பற்றிய பயம் இந்தக் கரையில் நெடுங்காலமாக உண்டு. வீட்டுக்கு வீடு புற்றுநோய்க் கதை சொல்வார்கள். கேரளத்தின் கருநாகப்பள்ளியில், இதே மாதிரி மணலில் வாழும் மக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2009ல் வெளிவந்தது. இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. அந்த ஆய்வை நான் நம்புகிறேன். கதை சொன்னவர்கள் வீட்டில் நடந்த சாவுகளையும் நம்புகிறேன்.

மணல் போனால் வேறு கவலை. கரமடி இழுக்கக் கரை வேண்டும். வள்ளம் ஏற்றக் கரை வேண்டும். நெத்திலி காயப்போடக் கரை வேண்டும். ஆனி, ஆடியில் கடல் ஏறி வரும்போது வீட்டுக்கு முன்னால் நிற்க ஏதாவது வேண்டும்.

நெத்திலி காயப்போட்டிருந்த ஒரு பாட்டி: “கல்லு போட்டுத் தாறோம்னு சொல்லுதாவ. கல்லு மேல மீன் காயுமா மக்களே?”

2024 ஜூன். கடலுக்குள் காற்றாலை நிறுத்த மத்திய அரசு 7,453 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புக்கொண்டது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட். தரையில் கிடைப்பதைவிடக் கடலில் காற்று சீரானது. நிலக்கரியை நிறுத்த வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. தூத்துக்குடி அனல்மின் சாம்பலைப் பார்த்தவர்கள் யாருக்கும் இருக்காது.

வரைபடத்தில் அந்தக் கடல் ஒரே நீலம்.

வயதான மீனவரிடம் கேட்டால் ஒவ்வொரு பாருக்கும் (கடலடிப் பாறைத்திட்டு) பெயர் சொல்வார். மலைமுனை ஒன்று, தேவாலயக் கோபுரம் ஒன்று, இரண்டும் ஒரே கோட்டில் வந்தால் கீழே இன்ன பார். இன்ன மீன். இன்ன மாதம். அந்தப் பெயர்கள் அளவைப் படத்தில் ஏற வேண்டும். ஏலம் விடுவதற்கு முன்பு.

கருத்துக் கேட்பை நகரத்து அலுவலகத்தில் வைக்காதீர்கள். கரையில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்த பிறகு. அன்று வள்ளம் இறங்காது, ஆண்கள் ஊரில் இருப்பார்கள். மீன் விற்கப் போகும் பெண்களும் இருப்பார்கள்.