சொன்னதும் பட்டதும்

வாகரையில் 'சூடு', 'இலக்கு' எண்ட சொற்களை விளையாட்டோட சேர்த்துச் சொன்னால் பெரியாக்களின் முகம் மாறிவிடும். காரணம் இருக்கு. 2006 நவம்பர் 8ஆம் திகதி கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சமிருந்த சனங்கள் மேல் எறிகணைகள் விழுந்தன. 2007 ஜனவரியில் இந்தப் பக்கத்துச் சனம் ஊரைவிட்டே வெளிக்கிட்டது. அப்போது மடியில் இருந்தவர்களும் பிறகு பிறந்தவர்களும்தான் நாங்கள். "குறி பார்க்கிற விளையாட்டெல்லாம் நமக்கு வேணாம்" என்று எங்களில் ஒருத்தியின் அம்மம்மா சொன்னபோது, எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை.

ஆகவே துவக்கு இல்லை. எங்களிடம் இருக்கிறது கெட்டபோல். மரக் கவட்டை, பழைய சைக்கிள் ரியூப், வெயிலில் காயவைத்த களிமண் உருண்டை. பத்து மீற்றர் தூரத்தில் ஒரு பலகை, அதில் கரியால் கீறிய வட்டங்கள். குருவிக்கு அடிக்கிறதில்லை, பலகைக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இருந்தால் இழுக்கிறதில்லை. இந்த இரண்டும் மாறாத சட்டம். உருண்டை பலகையில் உடைஞ்சு அடையாளம் விடும். அந்த அடையாளம்தான் எங்களைக் கொப்பி எழுத வைத்தது.

இந்தப் பழக்கம் பெரிய விளையாட்டுக்காரர்களுடையது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காக எயார் ரைபிள் சுட்ட தெஹானி எகொடவெல இராணுவத்தைச் சேர்ந்தவர். அந்த வழி எங்களுக்குத் தூரம். எங்களுக்கு ஒரு பயிற்றுநரும் இல்லை. ஆனால் கொப்பி எழுத சீருடை தேவையில்லை.

ஏன் எழுத வேண்டும்? ஒலிம்பிக் எயார் ரைபிளில் தூரம் பத்து மீற்றர்தான். நடுப்புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மில்லிமீற்றர், குண்டின் விட்டமோ 4.5. 60 சூடு, ஒவ்வொன்றுக்கும் கூடியது 10.9 புள்ளி. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த தமிழ்ப் பெண் இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸில் 630.7 எடுத்தார். பத்தாம் இடம். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. அவருடைய அணித் தோழி ரமிதா 631.5 எடுத்து ஐந்தாவதாக உள்ளே போனார். 60 சூட்டில் 0.8 புள்ளி வித்தியாசம்! இவ்வளவு சின்ன விசயத்தை மனசில் வைத்துத் திருத்த ஏலாது. மனசு நல்ல அடியை மட்டும் ஞாபகம் வைக்கும், இல்லையெண்டால் கெட்டதை மட்டும். தாள் இரண்டையும் வைத்திருக்கும்.

ஆனால் வெறும் புள்ளியை எழுதினால் கொப்பி கணக்குப் புத்தகமாகிவிடும். சுடுநர்கள் செய்கிற ஒரு வேலை இருக்கு: அடித்தவுடனே, போய்ப் பார்க்க முன்னம், அது எங்கே பட்டிருக்கும் என்று சொல்வது. "வலப்பக்கம், கொஞ்சம் மேலே." பிறகுதான் பார்க்க வேண்டும். எங்கள் சீ.ஆர். கொப்பியில் இதற்கு இரண்டு நிரல்: 'சொன்னது', 'பட்டது'. பலகையை மறைத்துக்கொண்டு ஒரு ஆள் முன்னால் வந்து நிற்பார். அடித்தவர் சொல்லி, அதை எழுதிய பிறகுதான் விலகுவார்.

அந்த இரண்டு நிரலையும் சேர்த்து வாசித்தால் பிழை எங்கே எண்டு பிடிபடும். வலது என்று சொல்லி வலதிலேயே பட்டால், கை செய்வது கண்ணுக்குத் தெரிந்திருக்கு. அது திருத்தக்கூடியது. நடு என்று சொல்லி இடதில் பட்டால், விடுகிற நொடியில் உனக்குத் தெரியாமல் என்னவோ நடக்குது, அல்லது ரப்பர் ஒரு பக்கம் தளர்ந்திட்டு. ஒரு நாளைக்கு 30 உருண்டை அடித்துவந்த எங்களுக்கு, கடைசிப் பத்தில் சொன்னதும் பட்டதும் விலகிப் போவது சில கிழமைக்குள் தெரிந்தது. கை களைக்குது, ஆனால் களைத்தது ஆளுக்குத் தெரியல்ல. இப்ப 20தான். மூன்றாவது நிரலில் கச்சான் காத்து அடித்ததா, வெயில் எந்தப் பக்கம், ரப்பர் புதுசா பழசா என்று எழுதுகிறோம்.

அந்த மூன்றாவது நிரலின் பெறுமதிக்கு அபினவ் பிந்த்ராவைப் பாருங்கள். 2004 ஏதென்ஸில் இறுதிச் சுற்றுக்குப் போய் ஏழாவதாக வந்தார். தான் நின்ற இடத்தில் தளக்கல் ஆடியதாகப் பிறகு சொல்லியிருக்கிறார். புள்ளியை மட்டும் பார்த்தால், பதறிப்போனார் என்றுதான் யாரும் முடிவு கட்டுவார்கள். நான்கு வருசம் கழித்து பெய்ஜிங்கில் கடைசிச் சூட்டை 10.8க்கு அடித்து, இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை எடுத்தவரும் அவரேதான்.

இன்னொரு பாடம் அமெரிக்காவின் லானி பாஷமிடம் இருந்து. 1976 மொன்றியலில் அவரும் மார்கரெட் மேர்டொக் எண்ட பெண்ணும் 1162 என்று சரிசமனாக நின்றார்கள். கடைசித் தொடரைப் பார்த்துத் தங்கத்தை பாஷமுக்குக் கொடுத்தார்கள். அவர் மேர்டொக்கை மேல் படிக்கு இழுத்து, பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். ஒரே எண்ணுக்கு இரண்டு நிறப் பதக்கம் எண்டால் எண் மட்டும் என்ன சொல்லும்? பிற்காலத்தில் அவர் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் முக்கியமானது, பயிற்சிக் குறிப்பில் பிழையைத் திரும்பத் திரும்ப எழுதாமல், சரியாகச் செய்ததையும் திருத்த வேண்டிய வழியையும் எழுதுவது. சிவப்புப் பேனைக்குப் பழகின எங்களுக்கு இது புதுசு. இப்போது ஒவ்வொரு நாளும் கடைசி வரி 'இண்டைக்கு எது சரி வந்தது' என்பதுதான்.

இது வெறும் விளையாட்டுக் கொப்பிதான். எண்டாலும் எங்களுக்கு அது கொஞ்சம் கூடப் பெறுமதி. எங்கட ஊரைப் பற்றின எழுத்தெல்லாம் மற்றவர்களின் கையில் இருந்தது: இடம்பெயர்ந்தோர் பதிவு, நிவாரண அட்டை, வீட்டுத்திட்டப் பெயர்ப்பட்டியல். வந்தவர்கள் எழுதினார்கள், நாங்கள் கையொப்பம் வைத்தோம். இதில் எழுதுகிறதும் நாங்கள், சரிபார்க்கிறதும் நாங்கள். நடு என்று சொல்லிவிட்டுப் பட்டது ஓரம் என்றால், அதையும் நாங்களே அப்படியே எழுத வேண்டும். யாரும் தண்டிக்கப் போவதில்லை, யாரும் பரிசு தரப் போவதுமில்லை. அப்படி ஒரு இடத்தில் உண்மை எழுதிப் பழகுவது லேசில்லை.

அம்மம்மாவுக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. அவ கேட்கிறது நியாயமான கேள்வி: "இதைப் படிச்சு என்னத்துக்கு?" எங்களிடம் இருக்கிற பதில் சின்னது: கை பதறும்போது அது பதறுது எண்டு எங்களுக்கே தெரிய வேணும்.

நீங்கள் வலைப்பந்து எறிகிறவராக இருக்கலாம், கரம் அடிக்கிறவராக இருக்கலாம், கிரிக்கெட்டில் பந்து வீசுகிறவராக இருக்கலாம். நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். மூன்று நிரல் கீறுங்கள். பந்து கையை விட்டதும் முதலில் சொல்லுங்கள், எழுதுங்கள், பிறகு பாருங்கள். ஒரு மாதம் கழித்து முதல் பக்கத்தைத் திருப்புங்கள். புள்ளி கூடியிருக்கா என்பதை விட, இரண்டு நிரலும் கிட்ட வந்திருக்கா என்று பாருங்கள்.