வெள்ளமும் நான்கு சபைகளும்

காரைதீவுச் சந்தியிலே மேற்கே திரும்பிச் சம்மாந்துறையை நோக்கிச் செல்லும் வீதி, ஊர் முடிந்ததும் வயல்வெளிக்குள் இறங்கிவிடுகிறது. அந்த வயல்வெளியின் நடுவே அமைந்த சிற்றூரே மாவடிப்பள்ளி. பெரும்போக நெல் கதிர்விட்டு நிற்கும் தை மாதத்திலே அவ்வழியே செல்பவர் சற்று நின்று பாராமற் போகார். கார்த்திகை, மார்கழியிலோ, வீதி எது, வாய்க்கால் எது, வயல் எது என்று பிரித்தறிய முடியாதபடி எங்கும் நீர் பரந்துவிடும். கல்லூரியிலே கற்பிக்கும் நமக்கு அந்நாட்களை வரவுப் பதிவேடே காட்டிக் கொடுத்துவிடும். வயலுக்கு அப்பாலிருந்து வரும் பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே அன்று வெற்றிடமாகவே இருக்கும்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், நிந்தவூரிலுள்ள மத்ரஸா ஒன்றிலே பயின்ற பிள்ளைகள், அடைமழை காரணமாக விடுமுறை பெற்றுத் தத்தம் வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தனர். வெள்ளம் மூடிக்கிடந்த இந்த வீதியைக் கடப்பதற்கு உழவு இயந்திரம் ஒன்றில் அவர்கள் ஏற்றப்பட்டனர். அதை நீர் புரட்டிற்று. எட்டு உயிர்கள் போயின. அவர்களுள் அறுவர் மாணவர். உடல்களைத் தேடி எடுக்க நாட்கள் சென்றன. அந்நாட்களிலே நம் ஊர்களில் தமிழர் என்றும் முஸ்லிம்கள் என்றும் பேதம் இருக்கவில்லை. தேடியவர்களும் வீதியோரத்தில் காத்து நின்றவர்களும் ஒரே துயரத்திலே இருந்தனர்.

அதன் பின்னர், இந்த வீதியின் வெள்ளத்துக்குப் பொறுப்பாளர் யார் என்று நாம் விசாரிக்கத் தலைப்பட்டோம். பெருவீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையைச் சேர்ந்தது. பெரிய வாய்க்கால் நீர்ப்பாசனத் திணைக்களத்தினது. ஊருக்குள் இருக்கும் ஒழுங்கைகளும் வடிகான்களும் காரைதீவுப் பிரதேச சபையினுடையவை. சற்று மேற்கே போனால் சம்மாந்துறைப் பிரதேச சபை. தெற்கே நிந்தவூர்ப் பிரதேச சபை. வடக்கே கல்முனை மாநகர சபை. கட்டடம் எழுப்ப அனுமதி கொடுக்கும்போது நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளும் குறுக்கிடும். இவ்வளவு பேரும் சேர்ந்து ஒரே மேசையில் ஒரே வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பேசுவது வழக்கமா என்று கேட்டால், பிரதேச ஒருங்கிணைப்புக் கூட்டம் இருக்கிறது, மாவட்ட ஒருங்கிணைப்புக் கூட்டம் இருக்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் முன்னது ஒரு பிரதேச செயலகத்தின் எல்லையோடு நின்றுவிடுகிறது. பின்னது மாவட்டம் முழுவதையும் ஒரு பகற்பொழுதிலே பார்த்து முடிக்கிறது. இடைப்பட்ட இந்த நான்கு சபைகளின் நிலப்பரப்புக்கென்று ஒரு கூட்டம் உண்டோ என்றால், விடை கூறுவோர் இல்லை.

நீரின் போக்கைச் சற்று நோக்குவோம். நாம் பட்டிப்பளை ஆறு என்று வழங்கும் கல்லோயாவை இங்கினியாகலையிலே மறித்துச் சேனநாயக்க சமுத்திரத்தை அமைக்கும் பெருந்திட்டம் 1949இல் தொடங்கியது. அதனால் நம் கரையோர வயல்கள் இரு போகம் கண்டன. ஆனால் மேற்கிலே பெய்யும் மழையும் குளங்கள் கொள்ளாத மிகுநீரும் கிழக்கே கடலைத்தான் தேடி வரவேண்டும். கடலுக்கும் வயலுக்கும் இடையிலே ஒடுங்கிய மணல்மேடு. அந்த மேட்டிலேதான் நம் ஊர்கள் அத்தனையும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன. சாய்ந்தமருதில் நீரை வடிக்கும் வழியைத் தோணா என்பார்கள். மழைக்காலத்திலே அதன் வாயை மணல் மூடிக்கொண்டால் இயந்திரம் கொண்டு வெட்டிவிட வேண்டும். தோணாவிலே குப்பை சேர்ந்தாலும், வெட்டுவது ஒரு நாள் பிந்தினாலும், நீர் உள்ளேயே தேங்கும். தேங்கும் நீர் யாருடைய வயலில், யாருடைய முற்றத்தில் நிற்கும் என்பதைச் சபை எல்லை தீர்மானிப்பதில்லை.

வயலை மண்ணிட்டு நிரப்பி வீடு கட்டுவோர்மீது கோபம் கொள்வது எளிது. நாம் அதைச் செய்யோம். 2004ஆம் ஆண்டுச் சுனாமியிலே இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அதன் பின்னர் கிழக்கிலே கடலோரத்தில் 200 மீற்றர் வரை கட்டக்கூடாது என்று முதலில் விதித்தார்கள். முன்னே கடல், பின்னே வயல், நடுவிலே இடமில்லை. மகளுக்கு வீடு கொடுத்துக் கல்யாணம் செய்துவைப்பது வழக்கமான ஊரிலே ஒரு தகப்பன் எங்கே போவான்? அவன் நிரப்புவது பத்துப் பேர்ச் நிலந்தான். அப்படி நூறு பேர் நிரப்பிய பின்னர், நீர் வேறொரு சபையின் எல்லைக்குள் ஒதுங்குகிறது. எந்த வயலை நிரப்பலாம், எந்தப் பள்ளத்தை நீருக்கென்று விட்டுவைக்க வேண்டும் என்று நான்கு சபைகளும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் அந்தத் தகப்பனுக்கும் வழி தெரிந்திருக்கும்.

நம்மவர் எல்லைகளைப்பற்றிப் பேசாதவர்கள் அல்லர். கல்முனைப் பட்டின சபையும் கரைவாகு வடக்கு, மேற்கு, தெற்குக் கிராம சபைகளும் 1987இல் ஒன்றாக்கப்பட்டன. 2001இல் அது மாநகர சபையாயிற்று. 2020 பெப்ரவரியிலே சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று வர்த்தமானி வெளிவந்து, சில நாட்களுக்குள்ளேயே நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 மே 6ஆம் நாள் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது, வழக்கு ஒன்றின் காரணமாகக் கல்முனை மாநகர சபைக்குத் தேர்தல் நடைபெறவில்லை. இக்கோரிக்கைகளில் எவருக்கு நியாயம் என்று தீர்ப்புக் கூறுவது நமது வேலையன்று. ஒவ்வொன்றின் பின்னாலும் உண்மையான மனக்குறை உண்டு. ஆயினும் எல்லையை எங்கே போடுவது என்பதற்குச் செலவான நேரத்திலே ஒரு பங்கு, எல்லைக்கு மேலால் ஓடும் நீருக்குக் கிடைத்திருக்கலாம்.

சேர்ந்து செய்த காரியமே இல்லையோ என்றால், ஒன்று உண்டு. அட்டாளைச்சேனைப் பக்கம் பள்ளக்காட்டிலே 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் குப்பைக்கான இடம் ஒன்று அமைந்தது. ஒன்பது ஊர்களின் குப்பை அங்கே சேர்ந்தது. 2014இல் மின்வேலியை இடி தாக்கிற்று. அதைத் திருத்துவார் இல்லை. யானைகள் உள்ளே புகுந்து பொலித்தீனை உண்ணலாயின. 2022 வரையான எட்டு ஆண்டுகளில் இருபது யானைகள் அளவிலே அதனால் இறந்தன என்று செய்தி வந்தது. கொட்டுவதற்கு ஒன்பது ஊர்கள் இருந்தன. வேலியைப் பார்க்க ஓர் ஆளைத்தானும் நியமிக்க இயலவில்லை போலும்!

இது நமக்கு மட்டும் உரிய குறை என்று எண்ண வேண்டாம். இலண்டன் மாநகரமே ஒரு காலத்தில் எண்ணற்ற சிறு சபைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் கழிவை தேம்ஸ் நதியிலே விட்டுக்கொண்டிருந்தது. 1855இலேதான் நகர் முழுமைக்கும் பொதுவான வேலைச் சபை ஒன்று அமைந்தது. 1858ஆம் ஆண்டுக் கோடையிலே நாற்றம் பாராளுமன்றத்தின் சன்னல்களுக்குள் புகுந்த பின்னரே, பசல்ஜெட் என்னும் பொறியியலாளருக்குப் போதிய பணமும் அதிகாரமும் கிடைத்தன.

இவற்றையெல்லாம் சென்ற மழைக்கு முன்னர், பல போகங்கள் வட்டவிதானையாக இருந்த ஒரு முதியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். வட்டவிதானையை வயற்காரரே தெரிவு செய்வார்கள். வயல் போடியாருடையதா ஏழையினுடையதா, தமிழருடையதா முஸ்லிமுடையதா என்று பாராமல், வட்டை முழுவதற்கும் நீர் பங்கிடுவதும், வாய்க்கால் துப்புரவு செய்விப்பதும், மாடுகளை அப்புறப்படுத்துவிப்பதும் அவர் கடமை. கூலி நெல்லாகவே கிடைக்கும். ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் உத்தியோகத்தர்களும் கமக்காரரும் கூடித் தண்ணீர் திறக்கும் நாளையும் விதைப்பை முடிக்கும் நாளையும் குறிப்பார்கள்.

முதியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “மாஸ்டர், எங்கட வட்டையில ஒரு வாய்க்கால வெட்டுறதெண்டா, மேல்வட்டைக்காரரையும் கீழ்வட்டைக்காரரையும் கூப்பிட்டுக் கதைச்சிட்டுத்தான் மண்வெட்டியத் தூக்குவம்.”

“அதைத்தான் காக்கா, நான்கு சபைகளும் ஆவணி மாதத்திலே ஒரு நாள் கூடிச் செய்யவேண்டும் என்கிறோம். எந்த மதகு அடைத்திருக்கிறது, தோணாவை எப்போது வெட்டுவது, நீர் எவ்வளவு ஏறினால் வீதியை மூடுவது, மூடினால் பிள்ளைகளை எங்கே தங்கவைப்பது...” என்றோம்.

“நல்லது. கூட்டத்த எந்த ஊரில வைப்பாங்க?”

நமக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. சற்று யோசித்து, மாவடிப்பள்ளிப் பள்ளிக்கூடத்திலேயே வைக்கலாம் என்றோம். “இரிக்கிறதுக்கு வாங்கு காணும்” என்றார்.