புனல் குருதியான இரவு

தியானப் பகுதி: யாத்திராகமம் 7:14-25, மத்தேயு 2:16-18, யாக்கோபு 5:1-6



ஒரு நாவலின் தலைப்பை இவ்வாரத் தியானத்திற்கு எடுத்துக்கொள்வது உங்களில் சிலருக்குப் புதுமையாய்த் தோன்றலாம். ‘குருதிப்புனல்’ என்றதும் பலருக்கு 1995-இல் வெளிவந்த திரைப்படமே நினைவுக்கு வரும். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், 1975-இல், இந்திரா பார்த்தசாரதி அதே பெயரில் ஒரு நாவல் எழுதினார். 1977-இல் அது சாகித்திய அகாதெமி விருது பெற்றது. திரைப்படத்தின் கதை வேறு. நாவலின் பின்னணியில் இருப்பது கீழ்வெண்மணி.

1968 டிசம்பர் 25. நமது கடிகாரப்படி அன்று காலையில், சந்திரனைச் சுற்றிவந்த அப்பல்லோ 8 விண்கலத்திலிருந்து மூன்று மனிதர் ஆதியாகமத்தின் தொடக்க வசனங்களை உலகத்திற்கு வாசித்துக் காட்டினர். அதே நாள் இரவில், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், ஒரு சிறு குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேர் உயிரோடு கொளுத்தப்பட்டனர். அனைவரும் தலித் விவசாயக் கூலிகளின் குடும்பத்தார். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்ததுமே அவர்கள்மேல் சுமத்தப்பட்ட குற்றங்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை 1973-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது.

இப்போது தலைப்புக்கு வருவோம். புனல் என்பது காவிரிப் படுகையில் மங்கலமான சொல். ஆடி மாதத்தில் புதுப்புனல் வரும்போது மக்கள் கரையில் கூடி அதை வரவேற்பர். வயலுக்கு உயிரும் வீட்டுக்குச் சோறும் அதனால் வருகின்றன. அந்தச் சொல்லின் முன் குருதியை வைத்தார் ஆசிரியர். உயிர் கொடுக்கும் நீரே உயிர் எடுத்ததன் சாட்சியாக மாறியது.

வேதத்தை அறிந்த நமக்கு இந்த ஆறு அந்நியமானதல்ல. எபிரெயரின் ஆண்குழந்தைகளை நதியில் போட்டுவிடும்படி பார்வோன் கட்டளையிட்டதை யாத்திராகமம் முதலாம் அதிகாரம் சொல்கிறது. ஏழாம் அதிகாரத்தில் அதே நதி இரத்தமாகிறது. நதி தான் விழுங்கியதை மறைத்து வைத்திருந்தது. கர்த்தர் அதை வெளியே கொண்டுவந்தார் என்றே நான் இப்பகுதியை வாசிக்கிறேன். நல்ல தலைப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. புதிதாக ஒன்றைச் சேர்ப்பதில்லை; ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததற்குப் பெயர் சூட்டுகிறது.

மேல்நாட்டிலும் இதற்கு இணையான ஒரு தலைப்பு உண்டு. வில்லியம் கோல்டிங் 1954-இல் எழுதிய ஆங்கில நாவலின் பெயர் ‘ஈக்களின் அதிபதி’ என்று பொருள்படும். எக்ரோனின் தெய்வமாக 2 இராஜாக்கள் முதலாம் அதிகாரம் குறிப்பிடும் பாகால்சேபூப் என்ற பெயரின் பொருளும் அதுவே. ஆளில்லாத் தீவில் சிக்கிய பள்ளிச் சிறுவர்கள் சிறிது சிறிதாக வேட்டைக்காரராகி, பின்பு கொலைகாரராகிறார்கள். அந்த வேட்டைக்காரர்கள் தொடக்கத்தில் பாடகர் குழுச் சிறுவர்கள் என்பதைச் சபையாராகிய நாம் கவனிக்க வேண்டும். அங்கே பிள்ளைகள் தங்கள் களங்கமின்மையைத் தாங்களே இழக்கின்றனர். வெண்மணியிலோ களங்கமற்ற பிள்ளைகளையே பெரியவர்களின் கொடூரம் விழுங்கியது. பெத்லகேமில் ஏரோது செய்ததும் இதுதான்.

நாவல் வெளிவந்தபோது ஒரு சர்ச்சை எழுந்தது. அதில் வரும் நிலப்பிரபு கண்ணையா நாயுடுவின் கொடுமைக்கு அவருடைய ஆண்மைக் குறைவை ஒரு காரணமாக ஆசிரியர் காட்டியிருந்தார். ஒரு சமூக அநீதியை ஒரு மனிதனின் மனக்கோளாறாகச் சுருக்கிவிட்டார் என்று இடதுசாரி விமர்சகர்கள் கண்டித்தனர். தீமை இருதயத்திலிருந்தே புறப்படுகிறது என்று ஆண்டவர் போதித்திருக்கிறார். ஆகவே உள்ளத்தை ஆராய்வது தவறன்று. ஆயினும் இவ்விஷயத்தில் நாவலைவிட அதன் தலைப்பே உண்மைக்கு நெருங்கி நிற்கிறது. தலைப்பு ஒரு மனிதனைச் சுட்டவில்லை. ஒரு புனலைச் சுட்டுகிறது. புனல் ஒருவரிடத்திலிருந்து வருவதில்லை. பல ஓடைகள் கலந்தே அது பெருகுகிறது. வாய்மூடி இருந்த அண்டை வீடும் ஓர் ஓடை. பழக்கம் என்று சொல்லிக் கடந்துபோன ஊரும் ஓர் ஓடை.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது, செத்த மீனும் கெட்ட நீரும் எகிப்தில் மட்டும் நடந்த கதையல்ல என்று கண்டோம். நமது சபையில் ஒப்பந்தக் கூலியாக உழைப்பவரும் இருக்கிறார்கள். அவர்களை வேலைக்கு வைக்கும் ஒப்பந்தக்காரரும் இருக்கிறார்கள். இருவரும் ஒரே பாத்திரத்தில் பங்குபெறுகிறார்கள். அறுவடை செய்தவனின் பிடித்துவைக்கப்பட்ட கூலி, கர்த்தருடைய செவிகளில் கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு. வெண்மணியில் கேட்கப்பட்டது அரைப்படி நெல். நம்மிடையே அது தராமல் விட்ட மிகைநேரக் கூலியாகவோ, தள்ளிப்போடப்பட்ட சம்பளமாகவோ, பாதுகாப்பின்றி தொட்டிக்குள் இறக்கப்பட்ட ஒரு மனிதனாகவோ இருக்கலாம்.

நாவலில் டில்லியிலிருந்து கிராமத்தில் வாழ வந்த கோபாலும், அவனைத் தேடிவரும் நண்பன் சிவாவும் படித்தவர்கள். அவர்கள் இழப்பதும் ஒருவகைக் களங்கமின்மையே. ‘எனக்கு இது தெரியாது’ என்று சொல்லும் வசதியை அவர்கள் இழக்கிறார்கள். அது இழக்க வேண்டிய ஒன்று. பிலாத்து தண்ணீரில் கைகழுவித் தன்னைக் குற்றமற்றவன் என்றான். அந்தத் தண்ணீர் அவனைச் சுத்திகரிக்கவில்லை.

வருகிற கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வீடு திரும்புமுன், அந்த 44 பேருக்காக ஒரு நிமிடம் மௌனமாய் நில்லுங்கள். பிறகு, நீங்கள் யாருக்கேனும் கூலி கொடுக்கவேண்டியிருந்தால், பொழுது சாயுமுன் கொடுத்துவிடுங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, நாங்கள் காண மறுத்த ஆறுகளை எங்களுக்குக் காட்டியருளும். எங்கள் கைகள் கழுவிக்கொள்வதற்காக அல்ல, நீதி செய்வதற்காக நீட்டப்பட உதவி செய்யும். ஆமென்.