கொல்லிமலைக்குக் காரில் போகிறீர்களா?

நாமக்கல் என்றதும் நம்மில் பலருக்கு ஆஞ்சநேயர் நினைவுக்கு வருவார். அடுத்தது முட்டை. லாரி வைத்திருப்பவர்களைக் கேட்டால் மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: பாடி கட்டும் பட்டறைகள். லாரிக்கும் டேங்கருக்கும் டிரெய்லருக்கும் பாடி கட்டுவது இந்த ஊரில் பெரிய தொழில். சமையல் காஸ் ஏற்றிப் போகும் நீளமான டேங்கர் லாரிகளைச் சாலையில் பார்க்கிறோமே, அவற்றில் ஏராளமானவை நாமக்கல்காரர்களுடையவை. 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இந்த ஊர், கொல்லிமலைக்குப் போகிறவர்களுக்கு நல்ல தங்குமிடமும் கூட.

திருச்சியிலிருந்து நாங்கள் ஐந்து பேர் கிளம்பினோம். நான், என் கணவர், மாமியார், நாத்தனார் மகள், அவளுடைய இரண்டு வயதுக் குழந்தை. வீட்டுக் கார்தான். இவர்தான் ஓட்டினார்.

ஊருக்குப் போகுமுன் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டுவது நம் வேலை என்றால், காரைப் பார்ப்பது ஆண்கள் வேலை என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட வேண்டியதில்லை, சகோதரிகளே. முதல் நாள் பார்க்க வேண்டியவை ஐந்தாறுதான். டயர்களில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும். வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன்பே காற்றைப் பார்க்க வேண்டும். ஸ்டெப்னியிலும் பார்க்க வேண்டும். பலரும் மறப்பது அதைத்தான். டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் அந்த டயரை மாற்றியே ஆக வேண்டும். பானெட்டைத் திறந்தால் கூலன்ட்டுக்கு ஒரு டப்பா, பிரேக் ஆயிலுக்கு ஒரு டப்பா இருக்கும். இரண்டிலும் மேல் கோடு, கீழ் கோடு போட்டிருக்கும். திரவம் நடுவே நிற்க வேண்டும். ஊறுகாய் ஜாடியில் எண்ணெய் மிதக்கிறதா என்று பார்க்கிற கண்ணுக்கு இது பெரிய விஷயமா? பிறகு வைப்பர், விளக்குகள், ஹாரன். அவ்வளவுதான்.

முசிறி, தொட்டியம் வழியாகப் போகும் சாலை, காவிரிக் கரையை ஒட்டி வாழைத் தோப்புகளுக்கு நடுவே போகிறது. காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் நாமக்கல் போய்ச் சேரலாம். ஊர் நடுவே ஒரே பெரிய பாறை, அதன் உச்சியில் கோட்டை. மலையைக் குடைந்து அமைத்த நரசிம்மர் கோயிலில் நாமகிரித் தாயாரையும் சேவித்தோம். எதிரே 18 அடி உயரத்தில் ஆஞ்சநேயர், மேலே கூரையில்லாமல், வானமே கூரையாக நிற்கிறார். நாங்கள் போனபோது வடைமாலை சாத்தியிருந்தார்கள். மாமியாருக்குக் கண்கள் கலங்கிவிட்டன.

தரிசனம் முடிந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். முன்னால் நின்ற வேன் ஒன்று பார்க்காமல் பின்னால் வந்து எங்கள் காரின் முகத்தில் இடித்தது. பெரிய இடி இல்லை. குழந்தை பின் சீட்டில், அதற்கான தனி சீட்டில் பெல்ட்டோடு இருந்ததால் ஒரு சிணுங்கலோடு சரி. (கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காரும் தாய்மார்கள் தயவுசெய்து அந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஏர்பேக் விரிகிற வேகம் பெரியவர்களைக் காக்கும். மடியில் இருக்கும் குழந்தைக்கு அதுவே ஆபத்து.)

வேன்காரர் இறங்கி வந்தார். "அண்ணே, பம்பர் லேசா சிராய்ச்சிருக்கு, அவ்வளவுதானுங்க. ஐநூறு ரூபா வாங்கிக்குங்க" என்றார். பார்த்தால் அவர் சொன்னது சரி போலத்தான் இருந்தது. ஒரு கீறல், கொஞ்சம் பெயின்ட் உரிந்திருந்தது. "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே, அது போதும். கிளம்புப்பா" என்றார் மாமியார். இவரும் சாவியைத் திருப்பப் போனார்.

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு நான் குனிந்து காருக்கு அடியில் பார்த்தேன். முன் பக்கம் தரையில் சொட்டுச் சொட்டாக ஈரம். "ஏ.சி. தண்ணீராக இருக்கும், அத்தை" என்றாள் நாத்தனார் மகள். ஏ.சி. தண்ணீருக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. இது பச்சையாக இருந்தது. ஒரு காகிதத்தில் தொட்டுப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. கூலன்ட்! வேன்காரரின் வண்டி எண்ணையும், இரண்டு வண்டிகளும் நின்ற நிலையையும் போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

பூ விற்ற அம்மாவே ஒரு கார் பட்டறைக்கு வழி சொன்னார். பக்கம்தான். வயதான மேஸ்திரி ஒருவர் வந்தார். "எங்கீங்க போறீங்க? மலைக்கா?" என்று கேட்டுக்கொண்டே பம்பரைக் கழற்றினார். அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. வெளியே நாம் பார்க்கும் பம்பர் வெறும் பிளாஸ்டிக் மூடி. இடித்தால் உள்ளே அமுங்கும், பிறகு பழையபடி வெளியே வந்துவிடும். உள்ளே இருப்பவை அப்படித் திரும்பி வருவதில்லை. மூடிக்குப் பின்னால் ஒரு இரும்புச் சட்டம், அதன் பின்னால் ஏ.சி.யின் வலைத்தட்டு, அதற்கும் பின்னால் ரேடியேட்டர், பிறகு காற்றாடி. வேனின் பின்புற இரும்புப் படி, சட்டத்துக்குக் கீழே நுழைந்து தள்ளியிருக்கிறது. ரேடியேட்டரைப் பிடித்திருக்கும் தாங்கி வளைந்து, ரேடியேட்டரின் ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் மயிரிழை விரிசல்!

"இதோட மலை ஏறாதீங்கம்மா" என்றார் மேஸ்திரி. "சமதரையில ஒண்ணும் தெரியாதுங்க. எழுபது வளைவு, கீழ் கியர்ல வண்டி முக்கி முக்கி ஏறணும். பாதி மலையில தண்ணி பூரா போயிரும். எஞ்சின் கொதிச்சா நிறுத்தறதுக்கு அங்க எடம் ஏதுங்க? கைப்புள்ளையோட நடு வளைவுல நின்னுக்கிட்டு யாரைங்க கூப்பிடுவீங்க?"

குழந்தை பட்டறை வாசலில் நாய்க்குட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு வயிற்றைப் புரட்டியது.

அடுத்து இன்ஷூரன்ஸ் பேச்சு வந்தது. இதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். நம் காரின் சேதத்துக்குப் பணம் கேட்பதாக இருந்தால், வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். கழற்றி மாட்டிய பிறகு சொன்னால் அவர்கள் எதைப் பார்த்து மதிப்புப் போடுவார்கள்? ஆனால் எல்லாச் சின்ன வேலைக்கும் கேட்பது லாபமில்லை. ஒரு வருடம் எதுவும் கேட்காமல் இருந்தால், நம் வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் கழிவு. அது படிப்படியாக 25, 35, 45 என்று ஏறி ஐந்தாவது வருடம் 50 ஆகிறது. ஒரு தடவை கேட்டுவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். தவிர, சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குப் பாதிப் பணம்தான் தருவார்கள். தேய்மானக் கழிவு இல்லாத பாலிசி என்றால் அந்தக் கவலை இல்லை. எங்களுக்கு 50 சதவீதக் கழிவு இருந்தது. இவர் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். ரேடியேட்டரை மட்டும் மாற்றித் தாங்கியை நிமிர்த்துவது. பெயின்ட் வேலையை ஊருக்குத் திரும்பிப் பார்த்துக்கொள்வது. இன்ஷூரன்ஸைத் தொடுவதில்லை என்று முடிவாயிற்று. வேன்காரரும் மனசாட்சி உள்ளவர். படத்தைக் காட்டிப் போனில் பேசியதும், செலவில் ஒரு பங்கு கொடுத்தார். கீறல் காத்திருக்கும், ரேடியேட்டர் காத்திருக்காது.

சாமான் சேலத்திலிருந்து வந்து வேலை முடிய இரவாகிவிட்டது. நாமக்கல்லிலேயே தங்கினோம்.

மறுநாள் காலை சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி. அங்கிருந்துதான் மலை தொடங்குகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். குழந்தைக்கு எண்ணிக் காட்டிக்கொண்டே போனோம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் பிள்ளைகளுக்கு வாந்தி வரும். இரண்டு இட்லியோடு நிறுத்தி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்து, எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் கொடுத்தால் போதும். குறுகலான இடத்தில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. குரங்குகளுக்குத் தின்பண்டம் போடாதீர்கள். அதற்காகவே அவை வளைவில் வந்து உட்காருகின்றன.

மேலே சுமார் 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரம். காற்றே வேறு! கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. செம்மேட்டில் அவருக்குச் சிலை இருக்கிறது. அறப்பளீஸ்வரரைத் தரிசித்தோம். கோயிலுக்கு அருகிலிருந்து ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். மாமியாரும் குழந்தையும் மேலேயே இருந்துவிட்டார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஆசைப்பட்டு இறங்காதீர்கள், ஏறும்போதுதான் தெரியும். சோளக்காட்டுச் சந்தையில் மிளகு, பலாப்பழம், அன்னாசி, சாமை எல்லாம் கிடைக்கும். மிளகின் காரம், ரசம் வைத்தால் தெருவுக்கே மணக்கிறது.

இறங்கும்போதுதான் ஜாக்கிரதை வேண்டும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். அப்போது எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறையும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறி, கருகிய வாசனை வரும். பிறகு மிதித்தாலும் பிடிக்காது. பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது தற்கொலைக்குச் சமம். பிரேக் இறுகிவிடும், ஸ்டியரிங் கல்லாகிவிடும். வாசனை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, தானாக ஆற விடுங்கள். சூட்டில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றுவது நல்லது.

நம் வீட்டில் கார் இருந்தால் நாம் கவனிக்க வேண்டியவை:

காலையில் வாசல் தெளிக்கும்போது காருக்கு அடியிலும் ஒரு பார்வை பாருங்கள். சந்தேகமாக இருந்தால் இரவு பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். நிறமில்லாத நீர் ஏ.சி.யுடையது, பயமில்லை. பச்சை, ரோஸ், ஆரஞ்சு நிறத்தில் வழவழப்பாக இருந்தால் பெரும்பாலும் கூலன்ட். கறுப்பு அல்லது பழுப்பு என்றால் எஞ்சின் ஆயில். சக்கரத்தின் அருகே எண்ணெய்ப் பசையாகச் சொட்டினால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். வண்டியை எடுக்கவே கூடாது. கூலன்ட் இனிப்பு வாசனையுள்ள விஷம். குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிக்கும் பிரஷர் குக்கரைத் திறப்போமா?

இடிபட்டால் முதலில் மனிதர்களைப் பாருங்கள். காயம் என்றால் 108. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. உதவி செய்கிறவரைச் சாட்சி சொல்ல வற்புறுத்தக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அதனால் தயங்காமல் உதவுங்கள்.

பட்டறையிலிருந்து கார் திரும்பி வரும்போது, கதவு இடுக்குகள் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கின்றனவா பாருங்கள். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை ஒரு மெல்லிய துணியில் சுற்றி, டிங்கரிங் செய்த இரும்புத் தகட்டில் வைத்துப் பாருங்கள். வழுக்கி விழுந்தால் உள்ளே பட்டி கனமாகப் பூசியிருக்கிறார்கள். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். சக்கரத்தில் அடி பட்டிருந்தால் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

ஆடி மாதத்தில் ஓரி விழா நடக்கும்போது மலையில் கூட்டம் அதிகம். நிதானமாகச் சுற்றிப் பார்க்க நினைப்பவர்கள் வேறு மாதத்தில், மழை இல்லாத நாளாகப் பார்த்து, காலையிலேயே ஏறி வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள். மிளகு வாங்க மறக்காதீர்கள்!