"மருந்து ஒண்டும் எடுக்கிறேல்லை"

சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்த பெண்களுடன் வைத்தியசாலைக்குச் சென்று வருவது எனது வேலையில் ஒரு பகுதி. வாட்டில் அனுமதிக்கும்போது தாதி கேட்கும் கேள்விகளில் ஒன்று, "வேறை ஏதும் மருந்து எடுக்கிறனீங்களோ?" என்பது. அநேகமான பெண்கள் "இல்லை" என்றே சொல்வார்கள். அவர்கள் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. எமது பெண்கள் எதனை மருந்தென்று கணக்கில் எடுக்கிறார்கள் என்பதில்தான் விடயம் இருக்கின்றது. கிளினிக்கில் கொப்பி பார்த்துத் தருவது மருந்து. தலையிடிக்குக் கடையில் வாங்குவது மருந்தல்ல. வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பிய போத்தல் "சத்துக் குளிசை". பரியாரியார் கொடுத்த சூரணம் "கைமருந்து". இவை தவிர, மருந்தென்று நன்றாகத் தெரிந்தும் பக்கத்தில் நிற்பவர்களுக்கு முன்னால் சொல்ல முடியாதவையும் உண்டு.

கர்ப்பப்பைக் கட்டிக்காக வந்த ஒரு அக்காவும் இப்படித்தான் சொன்னார். மாதக்கணக்காக இரத்தம் போய் உடம்பு வெளுத்திருந்தது. ஆடைத் தொழிற்சாலையில் சம்பளமில்லாத லீவு எடுத்து, பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். தலையணைக்குக் கீழே இருந்த சிறிய கைப்பையில் டிஸ்பிரின் அட்டை ஒன்றைத் தாதி கண்டார். "அது தலையிடிக்கு மிஸ். வேலைக்குப் போறதெண்டால் ஒவ்வொரு நாளும் ஒண்டு கரைச்சுக் குடிப்பன். நேற்றும் குடிச்சனான்." ஏற்கெனவே இரத்தம் குறைந்த உடம்பு என்பதால் வைத்தியர் சத்திரசிகிச்சையைப் பின்போட்டார். அந்த அக்கா அழுதது நோவுக்காக அல்ல, இன்னொரு முறை லீவு கேட்க வேண்டுமே என்பதற்காக.

டிஸ்பிரின் என்பது அஸ்பிரின். காயம் பட்டால் இரத்தத்தை உறையச் செய்ய முதலில் ஓடி வருபவை குருதிச் சிறுதட்டுக்கள். அஸ்பிரின் அவற்றை மீளாதபடி செயலிழக்கச் செய்கின்றது. புதிய சிறுதட்டுக்கள் உருவாகி அந்த இடத்தை முழுதாக நிரப்ப 7 முதல் 10 நாட்கள் செல்லும். முதல்நாள் நிறுத்தினால் போதும் என்பது இதனால்தான் சரிவராது. மூட்டு நோவுக்குப் பார்மசியில் வாங்கும் டைக்லோபெனாக், ஐபுபுரோபன் போன்றவையும் இதே வேலையைக் கொஞ்சக் காலத்திற்குச் செய்பவை. சிறுநீரகத்திற்கும் வயிற்றுப் புண்ணுக்கும் அவை கூடாதவை. பனடோல் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. அது பரசிட்டமோல், இரத்தம் உறைவதைக் குழப்பாது. எங்கள் வீடுகளில் இரண்டும் ஒரே டப்பாவில் கிடக்கும். இரண்டையும் "தலையிடிக் குளிசை" என்றே சொல்வோம்.

சத்துக் குளிசைகளைப் பற்றி ஒருவர் ஒரு மாதிரியும் மற்றவர் வேறு மாதிரியும் சொல்வார்கள். மீன் எண்ணெய் இரத்தப்போக்கைக் கூட்டும் என்று நீண்ட காலம் சொல்லப்பட்டது. பின்னர் வந்த ஆய்வுகளில் அது பெரிதாக நிரூபிக்கப்படவில்லை. எனினும் கூடிய அளவு விற்றமின் ஈ, உள்ளிச் சாற்று மாத்திரை, ஜிங்கோ ஆகியவற்றை அஸ்பிரினுடன் சேர்த்து எடுப்பவரைக் கண்டால் வைத்தியர்கள் யோசிக்கிறார்கள். ஜின்செங் இரத்தத்தில் சீனியைக் குறைக்கக்கூடியது. அதிமதுரத்தைத் தொடர்ந்து அதிகமாக எடுத்தால் பிரஷர் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். கறிக்குப் போடும் உள்ளிக்கும் இஞ்சிக்கும் யாரும் பயப்படத் தேவையில்லை. சித்த வைத்தியத்தைக் குறைத்துச் சொல்வதும் எனது நோக்கமல்ல. ஆனால் ஒரு சூரணத்தில் என்னென்ன சேர்ந்திருக்கின்றது என்பது மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியருக்குத் தெரியாது. ஆகையால் இவ்வாறானவற்றைப் பொதுவாக இரண்டு வாரங்களுக்கு முன்னரே நிறுத்தச் சொல்கிறார்கள். திகதி கிடைத்த அன்றே கேட்டால்தான் அந்த இரண்டு வாரமும் கையில் இருக்கும்.

இனி, சொல்ல முடியாதவை. மாமியாரோ கணவரோ கட்டிலருகில் நிற்கும்போது, "கர்ப்பத்தடைக் குளிசை போடுறனீங்களோ?" என்று கேட்டால், வீட்டுக்குத் தெரியாமல் அதை எடுக்கும் பெண் என்ன பதில் சொல்வாள்? ஈஸ்ட்ரஜன் கலந்த குளிசை காலின் நாளங்களில் இரத்தம் கட்டும் அபாயத்தைக் கூட்டுவது. நீண்ட நேரச் சத்திரசிகிச்சை, பின்னர் நாட்கணக்கில் படுக்கை என்றால் அந்த அபாயம் இன்னும் கூடும். அப்படிப்பட்ட சத்திரசிகிச்சைகளுக்கு நான்கு வாரங்களுக்கு முன்னர் அதை நிறுத்தி வேறு வழி ஒன்றைக் கொடுப்பதுண்டு.

மனநலக் கிளினிக்கில் எடுக்கும் குளிசைகளின் கதையும் இதுதான். யுத்தத்திற்குப் பின்னர் எத்தனையோ பெண்கள் அந்தக் குளிசைகளின் துணையுடன்தான் எழுந்து நடமாடுகிறார்கள். "விசர் மருந்து" என்ற பேச்சுக்குப் பயந்து அதை மறைக்கிறார்கள். சத்திரசிகிச்சைக்குப் பின்னர் நோவுக்காக டிரமடோல் கொடுப்பது சாதாரணம். புளுவொக்சற்றின், சேர்ட்ரலின் போன்றவற்றுடன் அது சேர்ந்தால் நடுக்கம், பதற்றம், காய்ச்சல் என்று ஆபத்தான நிலை வரலாம். நித்திரைக் குளிசையுடன் சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம். இவற்றைத் திடீரென்று தானாக நிறுத்துவதும் பிழை. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அந்தக் கேள்வி வரும் நேரத்தில் கூட வந்தவர்களை, "ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ" என்று வெளியே அனுப்பிவிடுவேன். தாதிமார் இதைத் தாங்களே செய்தால் எவ்வளவு நல்லது! கூட்டம் நிறைந்த வாட்டில் அவர்களுக்கு அதற்கு நேரம் இருப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் கேட்டுப் பயந்து எல்லாக் குளிசையையும் நிறுத்திவிடுபவர்களும் இருக்கிறார்கள். அது இதைவிட மோசம். இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் குளோபிடோகிரெலைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். பிரெட்னிசலோன் நீண்ட காலம் எடுத்தவரின் உடம்பு, தானே சுரக்கும் ஸ்டீரொயிட்டைக் குறைத்து வைத்திருக்கும். திடீரென நிறுத்தினால் சத்திரசிகிச்சையின்போது பிரஷர் விழுந்துவிடும். வலிப்பு, தைரொயிட் குளிசைகளையும் முட்டுக்கு இழுக்கும் பம்பையும் பெரும்பாலும் அன்று காலையிலும் எடுக்கச் சொல்வார்கள். பிரஷர் குளிசைகளில் தொடர்வதும் உண்டு, அன்று மட்டும் விடுவதும் உண்டு. சீனி வருத்தக் குளிசைகளில் பலவற்றை வெறும் வயிற்றில் இருக்கும் அன்று காலையில் விடச் சொல்வார்கள். அதிலும் டபாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் என்ற புதிய வகைகளை மூன்று நாட்களுக்கு முன்னரே நிறுத்த வேண்டும். அவற்றால் சீனி அளவு சரியாகத் தெரிந்தாலும் இரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம்.

வீட்டுக்கு வந்த பின்னர் நான் காணும் தொல்லை வேறு. வைத்தியசாலை தந்த உறையில் பரசிட்டமோல் இருக்கும். நோவு நிற்கவில்லையென்று கடைப் பனடோலும் போடுவார்கள். இரண்டும் ஒன்றே. 500 மில்லிகிராம் குளிசை ஒரு நாளில் எட்டுக்கு மேல் போனால் ஈரல் பாதிக்கப்படும். மெலிந்த உடம்புக்கு எட்டே கூடுதல். பழைய டைக்லோபெனாக் அட்டையையும் தேடி எடுப்பார்கள். காயத்திற்கு மஞ்சளும் எண்ணெயும் அரைத்துப் பூச ஒரு பெரியம்மா எப்படியும் வந்து சேர்வார். தையல் பிரிக்கும்வரை அவரிடமிருந்து காயத்தைக் காப்பாற்றுவதும் ஒரு வேலைதான்.

நிறுத்தச் சொன்ன குளிசையை மீண்டும் எப்போது தொடங்குவது என்பதைக் கேளாமல் வந்துவிடுவதுதான் எனக்கு அதிகம் பயத்தைத் தருவது. இருதய வருத்தமுள்ள ஒரு அம்மா, "டொக்டர் நிப்பாட்டச் சொன்னவர்" என்று மூன்று மாதமாக அஸ்பிரின் எடுக்காமல் இருந்தார். துண்டில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை வாசிக்க வீட்டில் ஒருவரும் இல்லை. இப்போது நான் ஒவ்வொருவருடைய கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்திலும் தமிழில் மூன்று நிரல் கீறி வைக்கிறேன்: குளிசையின் பெயர், நிறுத்திய திகதி, தொடங்க வேண்டிய திகதி. மூன்றாவது நிரல் நிரம்பாமல் வாட்டை விட்டு வெளிக்கிடுவதில்லை. பஸ் தவறினால் அடுத்த பஸ்.